நல்ல கோழி என்று எழுதிக் கொடுத்தேன்

பட்டினியில் செத்துக்கொண்டிருந்த கோழிகளை நலம் என்று எழுதிக் கொடுத்த கால்நடை மருத்துவன் நான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். ரிஷிவந்தியம் பக்கத்துப் பண்ணைக்கு ஒரு வாரமாகத் தீவனம் வரவில்லை. கூண்டுகளில் புழு நெளிந்த பிணங்களை மிதித்தபடி மற்றவை நின்றன. நாற்றத்தில் உள்ளே போகாமல், வாசலிலேயே சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

மறியல் முடிந்ததும் மிஞ்சியவற்றைப் பண்ணைக்காரர் கல்வராயன் மலையில் விற்றார். ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகைச் சுட்டு அறுத்த கோழிகள் அவை. வாங்கிய பெண் என்னைத் தேடிவந்தாள்.

“நல்ல கோழின்னு நீங்கதானே எழுதினீங்க சார்? சாமை போட்டா மொண்டி மூக்கை மண்ணுல இடிச்சிக்கினு நிக்குது. நீங்களே வந்து ஊட்டிவுடுங்க!”

போய், கூழாகக் கரைத்து ஊட்டினேன். இரண்டுதான் பிழைத்தன. சான்றிதழ் பொய்யென்று மேலதிகாரிக்கு எழுதினேன். என்னைத்தான் மாற்றினார்கள்; பண்ணைக்கு வேறொருவர் சான்றிதழ் கொடுத்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.