அக்கா அன்றைக்குச் சொன்ன வாக்கு

பிள்ளைகளே, உங்கள் பெரிய அத்தை ஏன் யாரோடும் பேசுவதில்லை என்று கேட்டீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

எழுபதுகளில், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், கோயில் பொங்கலன்று அக்காவுக்கு அருள் வந்தது. புதிதாக ஒருவர்மேல் சாமி இறங்கினால் எங்கள் தெருவில் சோதனை வைப்பார்கள். பெரியவர் ஒருவர் எதையாவது கைக்குள் மூடிக்கொண்டு, "உள்ள என்ன?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் சாமி, தவறினால் பேய். அக்கா, "எலுமிச்சம்பழம்" என்றாள். கை விரிந்தது. உள்ளே ஒரே ஒரு ஏலக்காய். வேப்பங்குழையால் அடித்துப் பேயை விரட்டினார்கள். அதோடு அவள் பேச்சும் போயிற்று. பெண் கேட்டும் யாரும் வரவில்லை.

எண்பதுகளில் உங்கள் தாய்மாமன் பஹாய் மார்க்கத்தில் சேர்ந்தான். நூறு வருசத்துக்கு முன் பாரசீகத்தில் புதிதாக ஒரு தூதர் வந்தார் என்று நம்புகிறவர்கள் அவர்கள். மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டிக்கொண்டிருந்தான் அப்போது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுக்கும் மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் எங்கள் வீட்டில் வாக்குவாதம்தான். அண்ணாச்சி கிறிஸ்தவர். அக்கா ஜன்னலோரம் சுளகில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

"கள்ளத் தீர்க்கதரிசிங்க வருவாங்கன்னு எங்க வேதத்துல இருக்குப்பா."

"கள்ளவுக வருவாக, சூதானமா பாருங்கன்னா, நல்லவுகளும் வருவாகன்னுதானே அண்ணாச்சி?"

"மலை மெட்டு ரோடு கணக்கா வளையிறான் பாரு!"

நான் குறுக்கிட்டேன். "அத விடு மாப்ளே. ஒங்க தூதரு என்ன அற்புதம் செஞ்சாரு?"

"அற்புதம் பாத்தவனுக்குத்தான் மச்சான் சாட்சி. பாக்காதவனுக்கு அது கதை. மனுசன் எப்பிடி வாழ்ந்தாரு, ஜெயில்ல கெடந்தும் என்ன வாக்குச் சொன்னாரு, கேட்டவுக எப்பிடி மாறுனாக, அதப் பாருங்க. அப்பன் சொன்னான்னு ஏத்துக்கவும் வேணாம், தள்ளவும் வேணாம்."

"வாக்கு எவனும் சொல்லலாம்லே. இந்தத் தெருவுலயே..." என்ற அண்ணாச்சி, அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை விடவில்லை. "மதினி அன்னைக்கு என்ன சொன்னாக?"

"எலுமிச்சம்பழம்னு சொன்னா" என்றேன்.

"அது கேள்விக்குப் பதிலு. கேக்குறதுக்கு முந்தி என்ன வாக்குச் சொன்னாக?"

அன்றைக்கு அவள் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்திருந்தவனே நான்தான். பெரியவர் மூடிய அந்தக் கையின் நகமெல்லாம் நினைவிருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட நினைவில்லை.

சுளகின் சத்தம் நின்றது. "எனக்கும் தெரியலடா" என்றாள் அக்கா. வருசக்கணக்காய்ப் பேசாத கட்டைக் குரல். "நானும் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டுட்டு வா."

தெரு முழுக்கக் கேட்டேன். கைக்குள் இருந்தது ஏலக்காய் என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. வாக்கு ஒருவருக்கும் நினைவில்லை. அன்றைக்குக் கை மூடிய பெரியவர் மலையில் ஒரு தோட்டத்துக்குக் காவலுக்குப் போயிருந்தார். மாப்பிள்ளையின் ஜீப்பில் ஏறிப் போனேன். பகலிலேயே ஆள் தெரியாத மூட்டம். அதற்குள்ளிருந்து அவர் குரல்தான் வந்தது.

"அழுதுக்கிட்டே என்னமோ சொன்னா அப்பு. ரொம்ப நேரம் சொன்னா. நான் கைக்குள்ள எத வைக்கலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

மாப்பிள்ளையின் தூதர் மெய்யா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் வாக்கையாவது எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். அக்காவை எதை வைத்து நான் பார்ப்பது?

ஜீப்பு சத்தம் கேட்டதும் அவள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அழுதியாம்க்கா" என்றேன்.

"அழுதேனா?" என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்காகடா?"