எச்சில் காயும் வரை

பூண்டை நசுக்கி வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே ஒரு நாற்றம், அதுதான் முதலில் என் மூக்கில் ஏறியது. பெரிய லீவில் ஒரு நாள், காலை ஏழரை மணி இருக்கும். லைன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்த என் காலடியில் எங்கள் நாய் ரோசி வந்து விழுந்தாள். படுக்கவில்லை, விழுந்தாள். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்து மண்ணில் சிறு குட்டையாகத் தேங்கியது. தொடைச் சதை தனக்குத்தானே துடித்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் வழியில் ரோஜா வளர்க்கும் ஒரு பண்ணையில் அம்மா வேலை பார்த்தாள். ஊரில் அதைப் 'பூக்கம்பெனி' என்பார்கள். பாலிதீன் கூரை போட்ட நீள நீளமான கொட்டகைகளுக்குள் ரோஜா பூக்கும். வெட்டி, தரம் பிரித்து, கட்டுக் கட்டாக அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பெங்களூருக்கு அனுப்புவார்கள். பண்ணையின் பின்பக்கம் வேலையாட்களுக்கென்று கட்டிய ஆறு லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான் ஒரே பெண். எனக்கு எட்டு வயதானபோது எரு ஏற்றி வந்த லாரியில் ஒரு குட்டியும் வந்து இறங்கியது. மண் நிறம், மடிந்த ஒரு காது. ரோஜாத் தோட்டத்தில் வேறு என்ன பெயர் தோன்றும், ரோசி என்று வைத்தேன். அம்மாவுக்கு அவளைப் பிடிக்காது என்றே நான் நினைத்திருந்தேன். சோறு போடும்போதுகூட, 'தின்னுட்டு போ அந்தப்பக்கம்' என்பாள்.

பண்ணையில் 'மருந்து' என்றால் பூச்சிக்கு அடிக்கும் விஷம். விடியற்காலையில் மருந்து அடித்து முடித்ததும், தெளிப்பான்களையும் அடித்தவர்களின் உடுப்புகளையும் அலசுவது அம்மாவின் முறை. 'மருந்துக் கைய வாயில வெக்காத, மருந்துத் தண்ணிய தரையில வெக்காத' என்பது அங்கே பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பாடம். நான் கத்தியதும் அம்மா ஓடி வந்தாள், குனிந்து ரோசியின் வாயை மோந்தாள், பிறகு குழாயடியைத் திரும்பிப் பார்த்தாள். அலசிய தண்ணீர் நிறைந்த அகலச் சட்டி அங்கேயே இருந்தது. வருகைப் பதிவுக்கு மணி அடித்த அவசரத்தில் அதைக் குழியில் கொட்டாமல் போனது அவள்தான். நேரே மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"நாய்தானே அக்கா, விடுங்க. ஒரு குட்டிய எடுத்தா ஆச்சி" என்றார் மேஸ்திரி. "இன்னிக்கி லோடு இருக்கு. இப்ப போனீங்கன்னா நாளைக்கி வேலைக்கு வராதீங்க."

அம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள், கையுறைகளைக் கழற்றினாள், இரண்டையும் மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். ரோசியைக் கோணியில் சுற்றினோம். கிளம்பும்போது அம்மா குழாயடிக்கு ஓடி, காலி மருந்து டப்பாவைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

கேட்டருகே பூவண்டி புறப்படத் தயாராக நின்றது. டிரைவர் நாகராஜண்ணன் கன்னடக்காரர். பெங்களூர் ஏலத்துக்கு நேரத்தோடு போக வேண்டியவர். கோணியைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பின்கதவைத் திறந்து இரண்டு பெட்டிகளை ஒதுக்கி, "பன்னி, பன்னி" என்றார். கன்னடத்தில் அது 'வாங்க வாங்க'. வேறு நாளாக இருந்தால் நானும் மற்ற பிள்ளைகளும் அந்தச் சொல்லுக்கு விழுந்து விழுந்து சிரித்திருப்போம். அன்று ரோஜாப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ரோசியின் நாக்கு மடங்கித் தொண்டையை அடைக்காமல் இருக்க அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பிடித்திருந்தேன். எச்சில் பட்ட என் கையை அம்மா வழியெல்லாம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஓசூர் டவுனில் 'மாட்டாஸ்பத்திரி' என்று எல்லோரும் சொல்லும் கால்நடை மருத்துவமனைக்கு முன்னால் ஏற்கனவே நாலைந்து மாடுகள் நின்றன. முதலில் நின்றவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடித்த கறவை மாட்டோடு வந்த பெரியவர். அம்மா அவரிடம் கேட்பதற்குள் அவரே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார். "மாடு நிக்கும். நாய பாருங்க" என்றார்.

டாக்டர் இளவயதுப் பெண். முழங்கை வரை நீண்ட ரப்பர் உறையோடு ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தவர், ரோசியைக் கண்டதும் உறையை உருவிப் போட்டுவிட்டு வந்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"என்ன மருந்து, தெரியுமா?"

அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். "இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. இதுதான். சட்டிய நான்தான் மேடம் தரையில வெச்சிட்டேன்."

டாக்டர் எழுத்தைப் படித்துவிட்டு, "டப்பாவ கொண்டாந்தது பாதி வைத்தியம்மா" என்றார். அடுத்த நொடியே அம்மாவுக்கு வேலை கொடுத்தார். மாடுகளை நிறுத்தும் இரும்புச் சட்டத்தில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, முன்னங்காலில் மயிரை மழித்து ஊசியேற்றி, அந்தக் காலை அசையாமல் பிடிக்கச் சொன்னார். பிறகு எனக்கும் விளங்கும்படி சொன்னார்:

"இந்த ஊசி ஒரு தடவ போட்டா போதாது. போட்டுப் போட்டுப் பாக்கணும். எச்சில் காயணும், கருமணி விரியணும். அதுவரைக்கும் விடக் கூடாது."

போட்டுப் போட்டுப் பார்த்ததில் அங்கே இருந்த குப்பிகள் தீர்ந்துகொண்டே வந்தன. சிறு கண்ணாடிக் குப்பிகள். மனிதர்களுக்கென்று அளந்து அடைத்தவை, ஒரு முறைக்கே பல குப்பி உடைக்க வேண்டியிருந்தது. எச்சில் குறைவதுபோல் குறைந்து மறுபடி பெருகியது. உதவியாளர் முனியப்பா இன்னொரு மாட்டைப் பிடித்திருந்தார். அம்மாவால் ரோசியின் காலை விட முடியாது. டாக்டர் சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார். "கடைத்தெருவுக்கு ஓடு பாப்பா. எத்தன இருந்தாலும் வாங்கிட்டு வா."

முதல் மெடிக்கலில் இல்லை. இரண்டாவது கடைக்காரர் சீட்டின் தலைப்பைப் படித்துவிட்டு, "மாட்டாஸ்பத்திரி சீட்டுக்கு இங்க குடுக்கறதில்ல" என்று திருப்பிக் கொடுத்தார். தெருவில் நின்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகவே சீட்டின் தலைப்பை உள்ளே மடித்தது. மடித்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மூன்றாவது கடைக்குப் போனேன்.

அந்த மெடிக்கல்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சீட்டைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாருக்கும்மா இது?"

"ரோசிக்கு."

"மருந்து குடிச்சிட்டாளா?"

"ஆமா."

"உங்க அக்காவா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் அதற்குமேல் எதுவும், காசுகூட, கேட்கவில்லை. அலமாரியில் இருந்த குப்பிப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு பையில் வாரிப்போட்டு, ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்து, பையை என் கையில் கொடுத்து, "ஏறு" என்றார். கடைத்தெருவின் தக்காளி லாரிகளுக்கு நடுவே அவர் வண்டியை ஓட்டிய வேகத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. "பயப்படாத கண்ணு, நேரத்தோட போட்டா பொழச்சிக்குவா" என்று திரும்பித் திரும்பிச் சொன்னார். நாற்சந்தியில் அவர் வண்டியை மனிதர்களுக்கான பெரியாஸ்பத்திரி பக்கம் திருப்பினார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தப் பக்கம் இல்லீங்க. மாட்டாஸ்பத்திரிங்க."

ஸ்கூட்டர் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. வியர்வை வழியும் அவர் பின்கழுத்தையே நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்று தோன்றியது. போனாலும் அந்தப் பையை மட்டும் விடுவதில்லை என்று அதை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன்.

"ரோசி நாய்ங்க" என்றேன். "அக்கான்னு பொய் சொல்லிட்டேன். ஆனா மருந்து குடிச்சது நெஜங்க. இன்னும் எச்சில் காயலைங்க."

அவர் கியரைப் போட்டு, "நல்லா புடிச்சிக்க" என்றார். வண்டி மாட்டாஸ்பத்திரி பக்கம் திரும்பியது.

பையை டாக்டரிடம் கொடுத்த பிறகும் மெடிக்கல்காரர் கிளம்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, குப்பிகளின் கழுத்தை ஒவ்வொன்றாக உடைத்துத் தந்துகொண்டிருந்தார். இவ்வளவு குப்பி ஒரு சின்னக் கடையில் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டார். "முன்ன ஒரு தடவ, எங்க ஊர்ல ஒருத்தருக்குப் பத்தாமப் போச்சிங்க" என்றார். "அதுல இருந்து நெறையவே வாங்கி வெக்கறது." டாக்டர் அடுத்த குப்பிக்குக் கை நீட்டினார்.

வெயில் உச்சிக்கு ஏறியது. அம்மா அந்தக் காலை விடவே இல்லை. தண்ணீர் குடிக்கச் சொன்னபோதும், முனியப்பா மாற்றிப் பிடிக்கிறேன் என்றபோதும் தலையை அசைத்தாள். நான் ரோசியின் வாயருகே துணியோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் துணியில் எவ்வளவு ஈரம் என்று டாக்டருக்குக் காட்டுவது என் வேலை. நடுவில் ஒருமுறை மூச்சு நின்றுபோனது. டாக்டர் ரோசியின் நெஞ்சைப் பிடித்து அழுத்தினார். அம்மா அவள் முகத்தருகே குனிந்து, ஒருநாளும் கூப்பிடாத பெயரை அன்று கூப்பிட்டாள். "ரோசி. ஏ ரோசி. எழுந்திரும்மா." மூச்சு ஒரு விக்கலோடு திரும்பியது. மேலும் சில ஊசிகள் போன பிறகு, துணியில் ஈரமே இல்லை. நான் நம்பாமல் இன்னொரு முறை துடைத்தேன். டாக்டர் கண்ணிமையை விலக்கிக் காட்டினார். கருமணி அகலமாக, கறுப்பாக, பழையபடி இருந்தது.

"பொழச்சிக்கும்" என்றார். அப்போதுதான் அம்மா காலை விட்டாள். அவள் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. முனியப்பா வெந்நீர் கொண்டுவந்து ஊற்றிய பிறகே விரிந்தன.

மேஸ்திரி சொன்னபடியே அம்மாவுக்கு வேலை இல்லாமல் போனது. நாலாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். தண்டு நீளம் பார்த்துத் தரம் பிரிக்க அவளைப்போல் வேறு கை அங்கே இல்லை. குழாயடியைச் சுற்றி வேலி போட்டுத் தந்தால்தான் வருவேன் என்று அம்மா சொல்லியனுப்பினாள். வேலி போட்ட பிறகே போனாள்.

அதற்கடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், ரோசியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அந்த மெடிக்கலுக்குப் போனோம். அவர் கடையை விட்டு இறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, அவள் மடிந்த காதைத் தூக்கிப் பார்த்தார்.

"இவதான் உங்க அக்காவா?" என்றார்.

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ரோசி அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தாள். வயதாகி, அம்மாவின் கட்டிலடியில் தூக்கத்தில் போனாள். பூக்கம்பெனி இருந்த நிலத்தில் இன்று வெள்ளையடித்த மனைக் கற்கள் நட்டிருக்கின்றன. அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் பூனை மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தபோது, எந்நேரமும் திறந்திருக்கும் ஒரு செல்லப்பிராணி மருத்துவமனைக்கு ஓடினேன். கண்ணாடிக் கதவு, ஆக்சிஜன், நொடியில் திரையில் தெரியும் எக்ஸ்ரே, வேண்டிய ஊசிகள் எல்லாம் அவர்கள் அலமாரியிலேயே. எந்தக் குழந்தையும் சீட்டோடு கடைத்தெருவில் ஓட வேண்டியதில்லை. அது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியும்.

பூனை தேறி வீட்டுக்கு வந்த பிறகு, அந்த மெடிக்கல்காரரைத் தேடிப் போனேன். சாலையை அகலப்படுத்தியபோது அந்த வரிசைக் கடைகளை இடித்துவிட்டார்கள். எதிரில் டீக்கடை வைத்திருப்பவருக்கு அவரை நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மகனோடு இருப்பதாகக் கேள்வி என்றார். அவருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை; அம்மா சொன்னாள், நான் ஒளிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி போகிறேன். அங்கே இருக்கிற ஒவ்வொரு மெடிக்கலிலும் விசாரிப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.