கரண்ட் போனால் வரும் விமானம்

விமானிப் பயிற்சிக்கு நாளை கிளம்பும் மகள், புத்தகங்களையும் வரைபடங்களையும் பெட்டியில் அடுக்கிவிட்டு வெளிச்சத்தம் கேட்காமல் விமானிகள் போட்டுக்கொள்ளும் ஹெட்செட்டை என் காதில் மாட்டினாள். தெருவின் தையல் மிஷின் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

சிறுவயதில் எங்கள் வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னும் அப்பாவின் நிட்டிங் மிஷின்கள் ஓடும். கரண்ட் போனால்தான் அமைதி. அப்போதுதான் கோவையில் இறங்கப் போகும் விமானத்தின் சத்தம் கேட்கும். பஞ்சு படிந்த புருவத்தோடு அப்பா வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார்.

"ஏனுங்கப்பா, ஏரோப்ளேன் வருதுன்னுதான் கரண்ட நிறுத்தறாங்களா?"

"ஆமா கண்ணு. அத்தாம் பெரிசு மேல போறப்ப நாம சத்தம் போடலாமா?"

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் வெகுகாலம் நம்பினேன்.

மகள் ஏதோ கேட்கிறாள். உதடு அசைவது மட்டும் தெரிகிறது. நான் அதற்குள் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.