லட்டு தின்று தெரிந்துகொண்ட லிஸ்ட்

நேற்று என் தங்கை மகள் கட்டிலில் படுத்தபடியே போனில் காலேஜ் சீட்டுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டாள். ஒரு விரல், அவ்வளவுதான். எல்லாம் சரியாகப் போயிற்றா என்று நாலு தடவை கேட்டேன். "மாமாவுக்கு எப்பவும் டென்ஷன்" என்று சிரித்தாள். டென்ஷன் எனக்குக் கூடப்பிறந்தது. ஆனால் சீட்டு விஷயத்தில் அது சும்மா வந்ததில்லை, கேளுங்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கேரளத் தலைநகரில், தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் அறை துடைத்து விரிப்பு மாற்றுகிற வேலை எனக்கு. படிப்பு எட்டோடு நின்றது. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் அம்மாவோடு இருந்த தங்கை ஜெயா, பிளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு எழுதிப்போட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் அவளும் கொழுந்து கிள்ளத்தான் போக வேண்டும். லிஸ்ட் பார்க்கிற பொறுப்பு டவுன்காரனான என்னுடையது. லிஸ்ட் என்றால் ஆபீஸ் சுவரில் ஒட்டுவார்கள். நான் கண்டது அதுதான். மூன்று நாள் போய் வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நாலாம் நாள் முதலாளி லட்டு கொடுத்தார். அவர் மகளுக்கும் அதே நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் லிஸ்டை முதல் நாளே பார்த்தாயிற்றாம். வாயில் லட்டோடு நெட் கஃபேயைத் தேடி ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஷீபா சேச்சியின் நெட் கஃபே. ஏசிக் குளிரும் ரூம் ஸ்பிரே வாசனையும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழைந்தேன்.

"போட்டுட்டு வாங்க அண்ணா, இது கோயில் ஒண்ணும் இல்லல்லோ."

அவள் என்னை அண்ணா என்றாள், நான் அவளைச் சேச்சி, அதாவது அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

மறைப்புகளுக்குள் காலேஜ் பிள்ளைகள் அரட்டையில் இருந்தார்கள். சேச்சி சோற்றுப் பொதியை ஓரம் தள்ளிவிட்டுத் தன் கம்ப்யூட்டரிலேயே தட்டினாள். பக்கம் திறக்கவே முக்கால் மணி நேரம். ஜெயா பேர் இருந்தது. பிரிண்ட் எடுத்துத் தந்தாள். அந்தத் தாள்தான் சீட்டு என்று நினைத்து, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற விதுரா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் உறுமுகிறபோது ஜன்னல் கம்பியில் ஒரு கை. ஷீபா சேச்சி, மூச்சிரைக்க.

"அண்ணா, எறங்குங்க. பேரு வந்தா போராது. சீட்டு வேணும்னு நாம அதுல சொல்லணும், அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

பக்கத்தின் அடியில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் போன பிறகுதான் கவனித்தாளாம். கடையை அந்தப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சம்மதம் கொடுத்தோம். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

ஜெயா இன்று ஹெட் நர்ஸ். அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். சேச்சியைத் தெரிந்தவர் யாரும் கீழே இல்லை. ரேஷன், பென்ஷன் எல்லாம் நானே போனில் தட்டுகிறேன். எந்தப் பக்கத்தோடு வேலை முடிகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. தட்டி முடித்துச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். வேலை இன்னும் முடியவில்லை அண்ணா என்று சொல்ல யாரும் ஓடி வருவதில்லை.