ஸ்டெல்லா டீச்சர் கடலில் இறங்கவில்லை

கண்டிப் பக்கத்துக் குண்டசாலையிலிருந்து ஒரே நாளில் நீர்கொழும்புக் கடற்கரைக்குப் போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் எங்கள் தெருவார் வேன் பிடித்து அங்கே போனோம். என் மனைவி ஸ்டெல்லா, பாடசாலை ஆசிரியை, நாற்பத்திரண்டு வயதில் அன்றுதான் முதன்முதலாகக் கடலில் கால் வைத்தாள். அலை மண்ணை இழுத்ததும் பயந்துபோய், பக்கத்தில் நின்ற இறால் வடைக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டாள். திரும்பும் வழியில் ஒருவரைப் பற்றி ஒருவர் கேலிப்பாட்டுக் கட்டுவது எங்கள் வழக்கம். என் முறை வந்தபோது அதையே நாலு வரியில் பாடினேன். கூட வந்த நாட்டுப்புற இசைக்குழுவினர் றபான் மேளம் தட்டினார்கள், வேனே சிரித்தது.

மூன்று மாதத்தில் அந்தக் குழு அதை முழுப் பாட்டாக்கி வெளியிட்டது, அவள் பெயரோடேயே! கண்டியில் ஓடும் முச்சக்கரவண்டிகளில் எல்லாம் இப்போது அதுதான். அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் அதை முணுமுணுக்கிறார்கள். வேலையை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் மனதை மாற்றத்தான் ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். வாடகைக் கார் இருபத்திரண்டாயிரம் ரூபா, காலை 5.15க்குப் புறப்பாடு, போக ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோமீற்றர். பிலிமத்தலாவை தாண்டியதும் சாரதி அதே பாட்டைப் போட்டார். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

“கடலுக்குப் போற எல்லாரும் இதத்தான் சேர் கேப்பாங்க,” என்றார், பாவம்.

9.10க்குக் கடற்கரை. ஸ்டெல்லா காரைவிட்டு இறங்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுத் தலைவனுக்கு அங்கிருந்தே தொலைபேசி எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் நிதானமாக, “அண்ணே, நீங்க பாடுனதத்தானே நாங்க பாடுனோம்,” என்றான். வெட்கங்கெட்டவன் என்று அவளிடம் பொருமினேன்.

“அன்னைக்கு வேன்ல நிறுத்துங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன்,” என்றாள் அவள். “றபான் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். கேட்டுச்சா?”

கேட்டது. இரண்டு தரமும் கேட்டது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால் பாடினேன். அவளிடம் அதைச் சொன்னேன். அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகலாம் என்றாள். பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தோம்.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், நெரிசல். ஐந்து மணிக்கே கிளம்புங்கள், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வேனில் பாட்டும் கேலியும் இருக்கட்டும். யாராவது நிறுத்தச் சொன்னால், முதல் தரமே நிறுத்திவிடுங்கள்.