ஏசி ரூமுக்குப் போன கம்பளி

என் ஓரகத்தி ரஷீதா வீட்டு வாசலைத் தாண்டாமலே சைக்கிள் மிதித்தவள். சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டார். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டுப் பெண்கள் கையை வீசிக்கொண்டு தெருவில் நடப்பதாவது! சவூதியிலிருந்து அவள் புருஷன் அப்துல் சுக்கூர், நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றைக் கார்கோவில் அனுப்பிவைத்தார். 2005 கோடை அது.

"சர்க்கரய எறக்கிக் காட்டு புள்ள. அடுத்த வருசம் ஹஜ்ஜுக்கு ரெண்டு பேரும் சேந்து போவலாம்" என்று போனில் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்திருந்ததெல்லாம் லீவுக்கு லீவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் மிதித்தாள்.

தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். வேர்வை கொட்டினால்தான் சர்க்கரை இறங்கும் என்று ஃபேனையும் போட மாட்டாள்.

"எதுவரைக்கும் போயிட்டீங்கக்கா?" என்று கேலி செய்வேன்.

"மக்கா கிட்டத்துல வந்துட்டேன்டி" என்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

விஷயம் தெரிந்ததும் சுக்கூர் போனில் சத்தம் போட்டார்.

"கிறுக்கச்சி, மொதல்ல ஃபேனப் போடு. கழுத்துல ஈரத்துண்டப் போட்டுக்க. தண்ணிய மடக்கு மடக்காக் குடி. தல சுத்துனா ஒடனே எறங்கிப் படுத்துரு."

"அங்க உங்களுக்கு வெயில் எப்படிங்க?"

"எனக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்த வேல. குளுருதான் தாங்கல."

நம்பினாள். நானும்தான் நம்பினேன். சித்திரை வெயிலில் கம்பளிப் போர்வை கேட்டதற்குப் பெரம்பலூர் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சவூதி போகிற ஒருவரிடம் அதைக் கொடுத்தனுப்பினாள்.

ஆடி மாதம் சுக்கூர் மவுத்தான செய்தி வந்தது. அங்கேயே அடக்கிவிட்டார்கள்.

அவரோடு வேலை பார்த்த குன்னத்துக்காரர் செந்தில்குமார் அவருடைய சாமான் பெட்டியைக் கொண்டுவந்தார். புருஷன் மவுத்தாகி இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. ரஷீதா திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டாள்.

"ரோட்டுக்குத் தார் போடுற வேலைங்க. வெயில்ல சாஞ்சவருதான், எந்திரிக்கல. கழுத்துல ஈரத்துண்டப் போட்டுக்க, தண்ணிய மடக்கு மடக்காக் குடின்னு எங்களுக்கெல்லாம் அண்ணன்தாங்க சொல்லிக்குடுத்தாரு."

பெட்டிக்குள் கம்பளி மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மவுத்தானவரைத் திட்டக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்.

செந்தில்குமார் கிளம்பிப் போனதும் அறைக்குள் சைக்கிள் ஓடும் சத்தம் கேட்டது. ஓடினேன். ஜன்னல் சாத்தியிருந்தது, ஃபேன் ஓடவில்லை. கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வெறிபிடித்தவளாக மிதித்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்சைப் போடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, துண்டை உருவி அந்தக் கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருடி, அதுக்குள்ள சூடேறிப் போச்சு. இத நம்பியாடி அந்த மனுசன் அங்க நின்னாரு?"