எமில் விற்காத பங்குகள்

அந்தக் கூட்டத்தில் டெல்லா ஹ்ருஸ்கா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அந்தத் தீவுல நமக்கு ஒரு தபால் பெட்டியத் தவிர வேற ஏதாவது இருக்கா?"

ஒஹாயோவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், ஒரு பம்பு கம்பெனியின் வரிப் பிரிவில் அவளுக்கு வேலை. புதிதாக வந்த தலைவர் கிரேடன் வைக்காஃப், பம்புகளின் காப்புரிமைகளையெல்லாம் வரியே இல்லாத தீவில் பதிந்த ஒரு துணைக் கம்பெனியின் பெயருக்கு மாற்றியிருந்தார். இங்கே சம்பாதித்த லாபம் உரிமைக் கட்டணமாக அங்கே போனது. வரி பாதிக்கும் கீழே இறங்கியது. பங்கு விலை ஏறிக்கொண்டே இருந்தது.

வைக்காஃப் கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"டெல்லா, பயந்தவங்கதான் முழுசா வரி கட்டுவாங்க. நாம பயப்படுற ஆளுங்களா?"

அறையே சிரித்தது. அவளுடைய மேனேஜர்தான் முதலில் சிரித்தார். அதன் பிறகு அவளை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை.

அவள் அண்ணன் எமிலுக்கும் அதே ஆலையில்தான் வேலை, பம்புப் பாகங்களைப் பொருத்தும் பிரிவில். ஓய்வுக்கால சேமிப்பு முழுவதையும் கம்பெனிப் பங்கிலேயே போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது டெல்லா பேச்சை எடுத்தாள்.

"பாதியையாவது வித்துடு எமில்."

"ஏறிட்டுத்தானே இருக்கு?"

"பம்பு வித்து ஏறல. கட்டாத வரியால ஏறுது. வரி ஆபீஸ் வந்து கேட்டா அத்தனையும் இறங்கிடும்."

"உன் அண்ணி ஐரீன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ வைக்காஃப் எங்க பிரிவுக்கே வந்து, அவ பேரச் சொல்லி விசாரிச்சாரு. உன் மேனேஜர் விசாரிச்சானா?"

"விசாரிச்சா பணம் பத்திரமாயிடுமா?"

"மீட்டிங்குக்குக் கூப்பிடலேன்னு உனக்குக் கடுப்பு. அத ஏன் எந் தட்டுல கொட்டுற?"

டெல்லாவுக்குக் கடுப்பு இருந்தது உண்மைதான். அதனாலேயே அதற்கு மேல் வற்புறுத்த அவளுக்கு வாய் வரவில்லை.

வரி அலுவலகம் வந்தது. சமரசமாகப் போய்விடலாம் என்றார்கள் வக்கீல்கள். வைக்காஃபுக்கு அது தன்மானப் பிரச்சினை. தொலைக்காட்சியில் தோன்றி, ஜெயித்துக் காட்டுகிறேன் என்றார். வழக்கு இழுக்க இழுக்க வட்டி ஏறியது, கடைசியில் தோற்றார். பழைய வரியோடு அபராதமும் சேர்ந்தது. அதைவிட மோசம், அவர் வாய்ச்சொல்லை நம்பிப் பங்கு வாங்கியவர்கள் கம்பெனி சொன்ன எதையும் நம்பாமல் போனார்கள். பங்கு ஒரு காபி விலைக்கு வந்தது. ஒப்பந்தப்படி கொழுத்த தொகையோடு வைக்காஃப் வெளியேறினார். ஆலையை மூடினார்கள்.

தான் சொன்னது பலித்ததில் டெல்லாவுக்கு எந்தத் திருப்தியும் இல்லை. இப்போது அவள், வருமான வரி கட்டும் மாதங்களில் மட்டும் திறக்கும் ஒரு கடையில் மற்றவர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். எமில், ஓய்வு பெற வேண்டிய வயதில், பல்பொருள் அங்காடி வாசலில் தள்ளுவண்டிகளைச் சேர்க்கிறான்.

ஒருநாள் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தபோது எமில் சொன்னான்: "டெக்சாஸ்ல ஒரு கம்பெனி வைக்காஃபத் தலைவரா எடுத்திருக்கு. சேதி வந்த அன்னைக்கே பங்கு ஏறிடுச்சு, தெரியுமா?"

அவன் குரலில் பெருமை இருந்தது.

"கொஞ்சம் வாங்கிப் போடலாம்னு பாக்குறேன் டெல்."

"எத வச்சு?"

"வீடு இருக்கே."

டெல்லா சாலையைப் பார்த்தபடியே ஓட்டினாள்.